பந்தலுக்கு மந்திரிப்பு

அற்புதராஜுக்குப் பேச்சு திக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் மனைவி ரோசம்மாவும் புதிதாக யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வாள்.

எல்லாச் சொல்லும் திக்காது. வாய் திறந்தபடி வருகிற அம்மா, ஆபீஸ், இட்லி எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உதட்டை மூடித் திறக்க வேண்டிய சொல் வந்தால்தான் வினை. உதடு மூடிக்கொள்ளும், திறக்காது. கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் நிற்பவர் மரியாதையாகத் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பிப்பார். அதற்குள் ரோசம்மா அந்தச் சொல்லைத் தானே சொல்லி முடித்திருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து பாதி வாக்கியம் அவருடையது, மீதி அவளுடையது. வீட்டு டெலிபோன் அடித்தால் எடுப்பதும் அவள்தான். நல்ல மனசோடுதான் செய்தாள். நல்ல மனசோடு செய்கிறவர்களைத் தடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

மகளுக்கு அந்தோனியம்மா என்று பேர் வந்ததே இந்தத் திக்கலால்தான். ரோசம்மாவின் காலஞ்சென்ற அம்மா நினைவாக பிரிஜட் என்று வைப்பதாக இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். ஞானஸ்நானத்தன்று சாமியார் தகப்பனைப் பார்த்து, "இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் இட விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். அற்புதராஜ் உதட்டை மூடினார். மூடியது மூடியதுதான். கோயில் நிறைய ஜனம். குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்ததாக ரோசம்மாவின் அக்கா செல்லக்கண்ணு இன்றைக்கும் சொல்வாள். வியர்த்து வழிந்து, கண் மேலே போனபோது எதிரே அந்தோனியார் சுரூபம் தெரிந்தது. "அந்தோனியம்மா" என்றார். தடங்கலே இல்லாமல் வந்தது. சாமியார் சட்டென்று தண்ணீரை ஊற்றிவிட்டார். ஊற்றிய பிறகு என்ன செய்ய முடியும்?

ரோசம்மா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அப்புறம் சரியாகிவிட்டாள். அற்புதராஜுக்குத்தான் அது ஆறவில்லை. பெற்ற பிள்ளைக்கு நினைத்த பேரை வைக்க நம் வாய்க்குத் துப்பில்லாமல் போயிற்றே என்று, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்று தைத்தது.

இப்படிப்பட்ட மனுஷர் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தால் விடுவாரா?

அது எண்பத்தெட்டாம் வருஷம். அற்புதராஜ் ஓர் ஆபீசில் கட்டடப் படம் வரைகிறவர். குனிந்து வரைந்தால் போதும், வாய்க்கு வேலை இல்லை என்றே தேடிப் பிடித்த வேலை. அவருடைய பள்ளிக்கூடத் தோழர் பாலகிருஷ்ணன் ஜாலான் புசாரில் கம்ப்யூட்டர் உதிரிப் பாகம் விற்கும் கடையில் இருந்தார். அவர்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி, ஆங் மோ கியோ வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். கூடவே மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. அதை டெலிபோன் லைனில் மாட்டினால் இந்தக் கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போன் போட்டுப் பேசும்.

ஊரில் சில பேர் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை இப்படிப் போனுக்குக் காத்திருக்க வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் போன் போட்டு நுழைந்து, மற்றவர்கள் எழுதிவைத்ததைப் படித்து, தாங்களும் நாலு வரி எழுதிவிட்டுப் போகலாம். ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான். போர்டு என்று அதற்குப் பேர். அற்புதராஜ் அந்த போர்டு இந்த போர்டு என்று ஏறி இறங்கினார். மீன் வளர்ப்பைப் பற்றி எழுதினார், பந்தாட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டார், முன்பின் தெரியாத ஒருவரைச் சிரிக்க வைத்தார். அங்கே யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை, யாரும் செருப்பைப் பார்க்கவில்லை. வாயில் மலையாக நின்ற எழுத்து கீபோர்டில் வெறும் ஒரு கட்டை. தட்டினால் வந்துவிட்டது. மனுஷருக்கு அழுகையே வந்தது.

தமிழ் ஆட்கள் கூடிப் பேசுகிற போர்டு மட்டும் அவர் கண்ணில் படவில்லை. சரி, நாமே ஒன்று தொடங்குவோம் என்று இறங்கினார். தமிழ் எழுத்து அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்ட வேண்டியதுதான். அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் பேர்.

போர்டு நடத்துகிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மாதாமாதம் எல்லா போர்டு பேரையும் டெலிபோன் நம்பரையும் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஒருவர் வைத்த பேரை இன்னொருவர் வைக்கக் கூடாது.

"பேர் இல்லாம சேத்துக்க மாட்டாங்க லா. சீக்கிரம் சொல்லு" என்றார் பாலகிருஷ்ணன். இருவரும் கடைக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். "எங்கம்மா முருகன் பேரா வைக்கச் சொல்றாங்க. உங்க வீட்டுல?"

"ஆரோக்கியமாதா."

"நல்லாப் போச்சு. சாமி பேரு வச்சா பாதிச் சனம் வாசல்லயே நின்னுக்கும். வேற சொல்லு."

"ஆர்க்கிட்" என்றார் அற்புதராஜ். தயாராக வைத்திருந்தார். வாய் திறந்தபடி வருகிற பேர்.

பாலகிருஷ்ணன் காப்பிக்கடைப் போனிலேயே சங்கத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆர்க்கிட் ஏற்கெனவே இருந்தது. ஏசியா? அதுவும் இருந்தது. ஐலண்ட்? அது போன மாதமே போய்விட்டது. அவருக்குச் சுலபமாக வந்த பேரெல்லாம் ஊரில் எல்லோருக்கும் சுலபமாகத்தான் வந்திருக்கிறது.

பாலகிருஷ்ணன் திரும்பி வந்து உட்கார்ந்தார். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "ராஜ், கோவிச்சுக்காதே. போர்டுக்கு எது பொருத்தமோ அதை நீ தேடல. உன் வாய்க்கு எது வருமோ அதைத் தேடுற. வர்றவன் பேரைச் சொல்லப் போறதில்ல, தட்டப் போறான். உனக்கென்ன?" என்றார்.

"அப்... ப்ப நான் எப்... ப்பவும் எதையும் சொல்லவே வேணாமா?"

அற்புதராஜ் விருட்டென்று எழுந்து பஸ் ஏறிவிட்டார். வழியெல்லாம் கோபம். யார் மேல் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புளோக்குக் கீழே, சுவரில்லாத பொதுக் கூடமான வாய்ட் டெக்கில் தங்கராஜு வீட்டுக் கல்யாணம். தங்கராஜு மூன்றாம் மாடிக்காரர், லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுகிற பழக்கம். வாழை மரம் கட்டி, வெள்ளையும் சிவப்புமாகத் துணி இழுத்து, தோரணம் தொங்கவிட்டு, சிமெண்டுத் தூண்களுக்கு நடுவில் அழகாகப் பந்தல் போட்டிருந்தார்கள். அற்புதராஜ் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். இந்தப் பக்கம் கேலாங்கிலிருந்து வந்த ஒருவர், அந்தப் பக்கம் ஜூரோங்கிலிருந்து வந்த ஒருவர். அவருடைய தலைக்கு மேலாகவே இருவரும் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் மகனுக்குக் கணக்கு ட்யூஷன் தேடிக்கொண்டிருந்தார். மற்றவர் மச்சினி அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாளாம். பின் வரிசையில் யாருக்கோ வாடகைக்கு அறை கிடைத்தது. இன்னும் இரண்டு பேர் சாம்பாரில் உப்பு சரியா கம்மியா என்று அடித்துக்கொண்டார்கள். நீ மாப்பிள்ளை வீடா பெண் வீடா, எந்தக் கோயில் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர் உட்கார்ந்தார், பேசினார், எழுந்து போனார். அந்த நாற்காலியில் அடுத்தவர் உட்கார்ந்தார்.

அற்புதராஜ் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு மேலே ஓடினார்.

போர்டுக்குள் வருகிறவர் முதலில் பார்க்கப்போகிற பக்கத்தை வரைய உட்கார்ந்தார். படம் போடுகிற வசதியெல்லாம் அந்தப் பெட்டியில் கிடையாது. எழுத்தையும் புள்ளியையும் கோட்டையும் வைத்துத்தான் படம். நெட்டுக்கோட்டை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கித் தூண் நிறுத்தினார். சாய்ந்த கோடுகளை இரண்டு பக்கமும் விரித்து வாழை இலை போட்டார். நட்சத்திரக் குறியை வளைத்து வளைத்துத் தோரணம் கட்டினார். ஆபீசில் எத்தனையோ கட்டடம் வரைந்திருக்கிறார், ஒன்றுகூட அவருடையதில்லை. இது அவருடையது. நடுவில் விட்டிருந்த காலி இடத்தில் ஆங்கில எழுத்தில் பந்தல் என்று தட்டினார். தட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். இதைவிட வேறு பேர் இதற்கு இருக்கவே முடியாது என்று தெரிந்துவிட்டது.

அதற்கடுத்த நிமிஷமே, அந்தப் பேர் எப்படி ஆரம்பிக்கிறது என்பதும் உறைத்தது.

கல்யாணத்திலிருந்து திரும்பிய ரோசம்மா பின்னால் வந்து நின்று வாசித்தாள். "பந்தலா? ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள். சொன்னவள் முகம் மாறியது. "ஃபாதர் மந்திரிக்க வரும்போது பேர் கேப்பாரே."

கேட்பார். ஃபாதர் அருளானந்தத்திடம் அந்தப் பழக்கம் உண்டு. புது வீடு, புது டாக்சி, எதை மந்திரிக்கக் கூப்பிட்டாலும், ஞானஸ்நானம் மாதிரியே உடையவரைப் பார்த்து அதன் பேரைக் கேட்பார். பேர் சொல்லாமல் தீர்த்தம் தெளிக்க மாட்டார். தங்கமீன் தொட்டிக்குக்கூட ஒருமுறை பேர் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் அது வேடிக்கை. அற்புதராஜ் மட்டும் அந்த நேரம் பார்த்துப் பின்வரிசைக்கு நழுவிவிடுவார்.

"கவலைப்படாதீங்க, நான் சொல்லிடுறேன்" என்றாள் ரோசம்மா. "இல்லாட்டி அரங்கம்னு வச்சிடுங்களேன். அதுவும் நல்லாத்தான இருக்கு."

அற்புதராஜ் திரும்பிக் கீபோர்டைத் தட்டினார். கடகடவென்று வரிகள் ஓடின. இந்த முறை நான்தான் சொல்வேன். எவ்வளவு நேரமானாலும் நீ சொல்லாதே. அந்தோனியம்மா பேர் மாதிரி இதுவும் ஆகக் கூடாது. பிள்ளைக்குத்தான் வாய்க்கு வந்த பேரை வைத்தேன், இதற்காவது மனசுக்கு வந்த பேரை வைக்கிறேன்.

ரோசம்மா அதை இரண்டு முறை படித்தாள். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு சொல்லி அவள் கேட்டதே இல்லை. "சரிங்க" என்றாள் மெதுவாக. "ஆனா என் வாய் சும்மா இருக்காதே."

"மு... முந்தானையைக் கடிச்சுக்க."

மறுவாரம் பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கே ஃபாதர் வந்துவிட்டார். செல்லக்கண்ணு அக்கா வந்திருந்தாள். பாலகிருஷ்ணன் கோபதாபம் எதுவும் நடக்காதது மாதிரி வந்து, தன் அம்மா பாக்கியலட்சுமியையும் கூட்டிவந்திருந்தார். அந்த அம்மா கையில் குங்குமமும் எலுமிச்சம்பழமும். கம்ப்யூட்டரின் மேல் ரோசம்மா டிவிக்குப் போடுவது மாதிரி பின்னல் துணி போட்டு, அதன் மேல் ஒரு பூக்குவளையும் வைத்திருந்தாள். ஃபாதர் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுல எது தலை, எது உடம்பு?" என்றார். "எதைப் பாத்து நான் மந்திரிக்கிறது?"

"எல்லாத்தையும் பாத்துப் போடுங்க ஃபாதர்" என்றார் பாலகிருஷ்ணன், பின்னால் படப்போகிற பாடு தெரியாமல்.

ஜெபம் முடிந்தது. ஃபாதர் தீர்த்தச் செம்பை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, எதிர்பார்த்தபடியே தலையை நிமிர்த்தினார். "இதுக்கு என்ன பேர் வைக்க விரும்புறீங்க?"

அற்புதராஜ் உதட்டை மூடினார்.

மூடியது திறக்கவில்லை. செல்லக்கண்ணு அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரோசம்மா முந்தானையைப் பல்லில் கடித்தபடியே அவளை நறுக்கென்று கிள்ளினாள். பாலகிருஷ்ணன் தரையைப் பார்க்கப் போனவர், என்ன நினைத்தாரோ, தலையைத் தூக்கி நண்பனின் முகத்தையே பார்த்தார். பாக்கியலட்சுமி அம்மா "முருகா" என்று முணுமுணுத்தார். அற்புதராஜின் கண், பழக்க தோஷத்தில், சுவரில் மேலே போனது. அங்கேயும் அந்தோனியார் படம் மாட்டியிருந்தது. அரங்கம் என்ற சொல் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டு, விடு, நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சியது. வாயைத் திறந்தால் போதும், எல்லோரும் மூச்சு விடுவார்கள், ஃபாதர் தெளிப்பார், சாப்பிடலாம்.

அவர் கண்ணைக் கீழே இறக்கினார். திரையில் பந்தல் அப்படியே நின்றது, தூணும் வாழையும் தோரணமுமாக. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவசரப்படவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, மற்றவர்கள் காத்திருக்கட்டும் என்று நினைத்தார்.

"ப்... ப்..."

மறுபடி அடைத்தது. மறுபடி நின்றார்.

"ப்... பந்தல்."

"பந்தல்" என்று ஃபாதர் நிதானமாகத் திருப்பிச் சொன்னார். ரோசம்மாவின் முந்தானை ஈரமாகியிருந்தது, கடித்ததில் பாதி, கண்ணைத் துடைத்ததில் பாதி. ஃபாதருக்கு என்ன சந்தோஷமோ, செம்பில் இருந்ததை எல்லாம் திரைக்கும் பெட்டிக்கும் மேஜைக்குமாகத் தாராளமாக வீசித் தெளித்தார்.

"ஃபாதர், கீபோர்டு" என்று பாலகிருஷ்ணன் பாய்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. இந்தக் களேபரத்தில் பாக்கியலட்சுமி அம்மா தன் பங்குக்குத் திரையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்க இதற்குச் சக்கரம் எங்கே என்று மேஜைக்கடியில் குனிந்து தேடினார்.

"தட்டிப் பாருங்க, தம்பி. முதல்ல பேரைத் தட்டுங்க" என்றார் அந்த அம்மா எழுந்து நின்று.

அற்புதராஜ் உட்கார்ந்து பந்தலின் முதல் எழுத்தைத் தட்டினார். திரையில் ஒரு பி விழுந்தது. இன்னொரு பி விழுந்தது. அவர் விரலை எடுத்துவிட்டார், ஆனாலும் கட்டை விடவில்லை. பி பி பி பி என்று வரி நிறைந்து அடுத்த வரிக்குப் போனது. பெட்டி கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. உள்ளே தண்ணீர் போய்விட்டது.

ஒருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஃபாதர் காலிச் செம்பைப் பார்த்தார். செல்லக்கண்ணு அக்கா தன் செருப்பில்லாத காலைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கி பாலகிருஷ்ணனுக்கு முகமே சிவந்துவிட்டது.

அற்புதராஜ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"யாரும் அவசரப்... ப்... படாதீங்க. அது சொல்லி முடிக்கட்டும்."

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் அந்தக் கூடம் தாங்கவில்லை. ஃபாதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரோசம்மா சிரித்துச் சிரித்து சோபாவில் சாய்ந்துவிட்டாள். அவருடைய திக்கலை வைத்து அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான், அதை ஆரம்பித்து வைத்தவரும் அவர்தான்.

பாலகிருஷ்ணன் மோடத்தை அணைத்துவிட்டு, கீபோர்டைக் கழற்றிக் கவிழ்த்து உதறினார். அந்தோனியம்மா தன் தலைமுடி காயவைக்கிற மெஷினைக் கொண்டுவந்து சூடு காட்டினாள். பள்ளிக்கூடத்தில் அவள் அன்டோனியா.

"அப்பா" என்றாள், மெஷின் சத்தத்துக்கு மேலே. "என்னோட பாப்டிசம் அன்னிக்கும் நீங்க இப்படி வெயிட் பண்ணியிருந்தா நான் பிரிஜட் ஆயிருப்பேன்ல?"

அற்புதராஜ் தலையாட்டினார். "ஆமா."

"நல்ல வேளை" என்றாள் அவள். "அந்தப் பேர்ல என் கிளாஸ்ல ரெண்டு பேர் இருக்காங்க. என் பேர்ல நான் மட்டும்தான்."

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்ததை இவள் ஒரே வார்த்தையில் எடுத்துப் போட்டுவிட்டாளே என்று இருந்தது.

மெஷினை நிறுத்தியபோதுதான் டெலிபோன் அடிப்பது கேட்டது. சங்கத்துக்கு நம்பரும் பேரும் பாலகிருஷ்ணன் அந்த வாரமே கொடுத்திருந்தார். மோடம் அணைந்திருந்ததால் போர்டு கிடைக்காமல் யாரோ குரலில் கூப்பிடுகிறார்கள். ரோசம்மா பழக்கத்தில் எழுந்து கையை நீட்டினாள். நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

அற்புதராஜ் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"ஹலோ, கேலாங்லேர்ந்து பேசுறேங்க. உங்க போர்டுக்கு டயல் பண்ணேன், எடுக்கவே மாட்டேங்குது. சரியான நம்பர்தானா?"

"ஆமா. இது ப்..."

அடைத்தது. ஃபாதர், பாலகிருஷ்ணன், பாக்கியலட்சுமி அம்மா, அக்கா, மகள், மனைவி, எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து ஆள் போனை வைத்துவிடவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"...பந்தல்" என்றார் அற்புதராஜ். "கொஞ்சம் நனைஞ்சிடுச்சு, காயுது. சாயந்தரமா வாங்க."

"கண்டிப்பா வர்றேங்க" என்றது அந்தக் குரல்.